தலைசுற்றலுக்கு இஞ்சி: அனுபவமும் சான்றும்

தமிழ்க் குடும்பம் எந்த ஊரில் குடியேறினாலும் அஞ்சறைப் பெட்டியும் உடன் குடியேறும். அப்பெட்டிக்கு அருகிலேயே சுக்கும் மிளகும் திப்பிலியும் தமக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். டெல்லிக் கடைத்தெருவில் ‘அத்ரக்’ என்று கேட்டு வாங்குவதும், கொல்கத்தாவில் ‘ஆதா’ என்று வாங்குவதும், மும்பையில் ‘ஆலே’ என்று வாங்குவதும் நம் வீட்டு இஞ்சியே. உலகிலேயே மிகுதியாக இஞ்சி விளையும் நாடும் நம் நாடுதான். ‘சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை’ என்னும் பழமொழியைக் கேளாமல் வளர்ந்தவர் நம்முள் எவரும் இரார்.

அஜீரணம், சளி, பித்தம் என்று இஞ்சிக்கு நாம் ஒப்படைத்துள்ள பணிகள் பல. அவற்றுள் ஒன்று தலைசுற்றல். காலையில் எழுந்ததும் கிறுகிறுவென்று வந்தால், ‘பித்தம் ஏறியிருக்கிறது, இஞ்சிச் சாறு குடி’ என்பது பாட்டிமார் வாக்கு. மலைப்பாதையில் பேருந்து ஏறுமுன் இஞ்சி மரப்பா வாங்கி வாயில் அடக்கிக்கொள்வதும் நம் வழக்கம். இவ்வழக்கத்திற்கு ஆதாரம் உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பதை நாம் இங்கே நிதானமாக ஆராய்வோம்.

இத்தகைய பொருள்களில் இருவகை மனப்பான்மையை நாம் காண்கிறோம். முன்னோர் சொன்னதெல்லாம் முற்றும் உண்மை, ஆராய வேண்டுவதே இல்லை என்பது ஒன்று. ஆங்கில மருந்துச் சீட்டில் இல்லாத யாவும் மூடநம்பிக்கை என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயும் உழைப்பை மிச்சப்படுத்தும் வழிகளே. பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பவன் பொன்னை அவமதிப்பவன் ஆகான்.

சொல் ஒன்று, நோய் பல

முதலில் தலைசுற்றல் என்பது யாது என்று தெளிதல் வேண்டும். நாம் ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல்லைப் பல நிலைகளுக்கு ஆள்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகை தென்படும்.

முதலாவது, தானோ சுற்றியுள்ள அறையோ சுழல்வதுபோல் தோன்றும் உண்மையான சுழற்சி. இரண்டாவது, எழுந்து நின்றவுடன் கண் இருண்டு, விழுந்துவிடுவோமோ என்று தோன்றும் நிலை. மூன்றாவது, தலையில் ஏதும் சுழலாமல் நடக்கும்போது மட்டும் கால் தள்ளாடும் நிலை. நான்காவது, இன்னதென்று சொல்ல இயலாத சோர்வும் கிறுகிறுப்பும்.

முதல் வகை பெரும்பாலும் உட்காதின் கோளாற்றால் வருவது. உட்காதில் நீர்மம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது நீர்மம் அசைந்து, எப்பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. இதனை விளக்கியவர்களுள் தலையாயவர் வியன்னா நகரத்து மருத்துவர் ராபர்ட் பாராணி. நோயாளிகளின் காதைக் கழுவும்போது, குளிர்ந்த நீரை விட்டால் கண்கள் ஒரு திசையிலும், வெந்நீரை விட்டால் எதிர்த்திசையிலும் துடிப்பதையும், நோயாளிக்குத் தலை சுழல்வதையும் அவர் கண்டார். வெப்ப வேறுபாட்டால் குழலிலுள்ள நீர்மம் நகர்வதே காரணம் என்று உணர்ந்தார். இப்பணிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி எட்டியபோது அவர் ருஷியரிடம் போர்க் கைதியாக இருந்தார். அவருடைய காது நீர்ச் சோதனை பின்னாளில் இஞ்சியை உரைத்துப் பார்க்கவும் பயன்பட்டது.

இரண்டாம் வகை இரத்த அழுத்தம் தாழ்வதாலும், உடலில் நீர் வற்றுவதாலும், இரத்தசோகையாலும் வரக்கூடும். மூன்றாம் வகை நரம்பு, மூளை, கால் மூட்டு முதலியவற்றின் கோளாறாக இருக்கலாம். நான்காம் வகைக்கு உறக்கமின்மை முதல் மனக்கவலை வரை காரணங்கள் பல. இவை அனைத்திற்கும் ஒரே மருந்து இருத்தல் இயலுமா? ‘தலைசுற்றலுக்கு இஞ்சி நல்லதா?’ என்னும் வினா, ‘வயிற்று வலிக்கு இது நல்லதா?’ என்னும் வினாவைப் போன்றதே. எந்த வலி என்று அறியாமல் விடை கூறல் ஆகாது.

அனுபவம் மட்டும் போதாதா?

‘எங்கள் வீட்டில் கொடுத்தோம், குணமாயிற்று’ என்பது நாம் கேட்கும் சான்று. இது பொய்யன்று. ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் நம்முடையதுதானே! தலைசுற்றலில் இந்த ஐயம் மற்ற நோய்களைவிட மிகுதி. ஏனெனில் உட்காதினால் வரும் சுழற்சி பெரும்பாலும் சில விநாடிகளோ சில மணி நேரமோ இருந்து தானாகவே அடங்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ முற்றும் மறைவதும் உண்டு. சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது இஞ்சிச் சாறு குடித்தவருக்கு, அது அடங்கும்போது புகழெல்லாம் இஞ்சிக்கே சேரும்.

இந்த மயக்கம் நவீன மாத்திரைகளையும் விட்டதில்லை. மெனியர் நோய் என்பது தலைசுழற்சியும் காதிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் ஒரு நோய். அதற்குப் பீட்டாஹிஸ்டின் என்னும் மாத்திரையை உலகெங்கும் மருத்துவர் எழுதித் தருகின்றனர். ஜெர்மனியில் 221 நோயாளிகளை மூன்று குழுக்களாக்கி, ஒரு குழுவிற்குக் குறைந்த அளவும், மற்றொன்றிற்கு மிகுந்த அளவும், மூன்றாவதற்கு மருந்தற்ற போலி மாத்திரையும் ஒன்பது மாதம் கொடுத்து ஆராய்ந்தனர். முடிவு 2016-இல் வெளியாயிற்று. மூன்று குழுக்களிலும் சுழற்சி குறைந்தது. போலி மாத்திரை உண்டவருக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது! போலி மாத்திரைக் குழு இல்லாதிருந்தால், குணம் அனைத்தும் மருந்தின் கணக்கில் ஏறியிருக்கும். ஆகவே ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. தனக்குக் கிடைத்தது மருந்தா போலியா என்பதை உண்பவரும் அறியாமல், கொடுப்பவரும் அறியாமல் நடத்துவதே நேர்மையான சோதனை. பாட்டி வைத்தியத்திற்கும் பன்னாட்டு நிறுவன மாத்திரைக்கும் தராசு ஒன்றே.

இஞ்சியைத் தராசில் இட்டபோது

இஞ்சி இத்தராசில் ஏறிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மௌரி, கிளேசன் என்னும் இருவர் 1982-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். பயணத்தில் எளிதில் தலைசுற்றிக் குமட்டும் இயல்புடைய 36 மாணவ மாணவியரை மூன்று குழுக்களாக்கி, சுக்குப் பொடி, வழக்கமான பயண மாத்திரை, போலி மருந்து ஆகியவற்றுள் ஒன்றைக் கொடுத்துச் சுழல் நாற்காலியில் அமர்த்தினர். ஆறு நிமிடம் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாத்திரை உண்டவருள்ளும் போலி மருந்து உண்டவருள்ளும் ஒருவரேனும் ஆறு நிமிடம் தாங்கவில்லை. சுக்குப் பொடி உண்டவருள் பாதிப்பேர் தாங்கினர். இச்செய்தி உலகெங்கும் பரவியது.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 1986-இல் நேரடியாகத் தலைசுற்றலையே சோதித்தனர். உடல்நலமுள்ள எட்டுப் பேரின் காதில் பாராணியின் முறைப்படி நீர் செலுத்திச் சுழற்சியை உண்டாக்கினர். சுக்குப் பொடி உண்ட வேளையில் சுழற்சி உணர்வு போலி மருந்து உண்ட வேளையைவிடக் கணிசமாகக் குறைந்தது. ஆனால் கண்ணின் துடிப்பில் மாற்றம் ஏதும் இல்லை. இதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். கண் துடிப்பு என்பது உட்காது மூளைக்கு அனுப்பும் செய்தியின் வெளித் தோற்றம். அது மாறவில்லை என்றால், இஞ்சி காதின் செயலைத் திருத்தியதாகக் கொள்ள இயலாது. உணர்ந்தவரின் துன்பமே குறைந்தது என்று கொள்வதே பொருந்தும்.

அதே நாட்டில் 1988-இல் கடற்படைப் பயிற்சி மாணவர் 80 பேர் கொந்தளிக்கும் கடலில் சோதிக்கப்பட்டனர். ஒரு கிராம் சுக்குப் பொடி உண்டவரிடம் வாந்தியும் குளிர் வியர்வையும் தெளிவாகக் குறைந்தன. குமட்டலும் தலைசுற்றலும் சற்றே குறைவாகக் காணப்பட்டன. எனினும் அக்குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்று தள்ளத்தக்க அளவே இருந்தது.

மறுபுறச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 1991-இல் 28 பேரைச் சுழல் நாற்காலியில் அமர்த்திய சோதனையில், சுக்குப் பொடியும் பச்சை இஞ்சியும் எவ்விதக் காப்பும் அளிக்கவில்லை. ஒப்பிடக் கொடுத்த ஸ்கோபாலமின் என்னும் மருந்தோ நன்கு வேலை செய்தது. பின்னர் 2003-இல், சுழலும் கோடுகளை நோக்கச் செய்து 13 பேரை ஆராய்ந்தபோது, ஒன்று அல்லது இரண்டு கிராம் சுக்கு குமட்டலையும் வயிற்றின் ஒழுங்கற்ற அசைவையும் குறைத்தது.

இவற்றைச் சேர்த்து நோக்கினால் ஒரு சித்திரம் புலப்படுகிறது. எட்டு, பதின்மூன்று, இருபத்தெட்டு என்று எல்லாம் சிறு தொகைகள். சோதிக்கப்பட்டவர் பெரும்பாலும் நல்ல உடல்நலம் உடையவர். தலைசுற்றல் நோயால் வருந்தும் அறுபது வயதுப் பெரியவர் எவரும் மேற்சொன்ன ஐந்து சோதனைகளிலும் மையமாக இல்லை. இஞ்சிக்குச் சாதகமான சான்றின் பெரும்பகுதி குமட்டலையும் வாந்தியையும் பற்றியதே. கருவுற்ற மகளிரின் குமட்டலிலும் இஞ்சி ஓரளவு உதவுவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன.

இதற்குக் காரணமும் விளங்கத் தக்கதே. இஞ்சியின் காரத்திற்கு ஜிஞ்சரால் என்னும் பொருள் காரணம். காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகயால் என்னும் மேலும் காரமான பொருளாக மாறும். இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் ‘ஷோகா’ என்னும் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இப்பொருள்கள் குமட்டலைத் தூண்டும் செரோட்டோனின் வாயில்களை ஓரளவு அடைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. அதாவது இஞ்சியின் களம் முதன்மையாக வயிறு. நம் பாட்டிமார் தலைசுற்றலையும் வாய்க் குமட்டலையும் சேர்த்தே ‘பித்தம்’ என்றனர். அவர்கள் கண்ட குணம் அந்தக் கூட்டின் ஒரு பாதியைச் சார்ந்தது என்று நாம் கருதலாம். அவர்கள் கண்டதில் உண்மை இருந்தது. முழுவதற்கும் அதை நீட்டியதிலேதான் இடர் உள்ளது.

இஞ்சி எட்டாத இடங்கள்

அந்த இடர் யாது? படுக்கையில் புரண்டாலோ, அண்ணாந்து பரணைப் பார்த்தாலோ, சில விநாடிகள் உலகமே சுழல்வதாகச் சொல்லும் முதியோர் நம்முள் பலர். உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழலுள் புகுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இதைக் கண்டறியும் எளிய சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்னும் மருத்துவர்கள் 1952-இல் விளக்கினர். தலையைக் குறித்த வரிசையில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்திற்கே அனுப்பும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992-இல் வெளியிட்டார். மருந்தும் கத்தியும் இன்றிச் சில நிமிடங்களில் முடியும் இம்முறையால் பலர் ஓரிரு தடவைகளிலேயே நலமடைகின்றனர். இஞ்சிச் சாறு எவ்வளவு குடித்தாலும் குழலுள் புகுந்த துகளை வெளியேற்றாது. குணமாகும் வழி அருகிலுள்ள காது மருத்துவரிடம் இருக்க, மாதக்கணக்கில் சுவரைப் பிடித்து நடப்பது வீண் துன்பமன்றோ!

இரத்தசோகையும் அவ்வாறே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். அவர்தம் கிறுகிறுப்பிற்கு வேண்டுவது இரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்தும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர் உணவு தாமதித்துக் கிறுகிறுத்தால், அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாகலாம். அந்நேரம் வேண்டுவது உடனடியாகச் சர்க்கரையே. இரத்த அழுத்த மாத்திரையின் அளவு மிகுந்தாலும், வடநாட்டுக் கோடையில் நீர் வற்றினாலும் எழுந்தவுடன் கண் இருளும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது மூளைத் தாக்கு. திடீரெனத் தலைசுற்றலுடன் வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் வலுவிழப்பு, இரட்டைப் பார்வை, நிற்கவே இயலாத தள்ளாட்டம், கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுப்படிக்குச் செல்லலாகாது. 112 அல்லது 108 எண்ணை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் நான்கரை மணி நேரத்திற்குள்ளேயே பொதுவாகப் போடத்தக்கது. ‘கஷாயம் கொடுத்துச் சற்றுப் பார்க்கலாம்’ என்று கழியும் ஒரு மணி நேரம் ஒருவரின் பேச்சையும் நடையையும் பறித்துவிடக் கூடும். நெஞ்சு வலியுடனோ நினைவிழப்புடனோ வரும் தலைசுற்றலுக்கும் இதுவே விதி.

மொழி கடந்து சொல்லும் பொறுப்பு

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் தாய் தந்தையர் ‘மயக்கமா வருது’ என்பர். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. மகனோ மருமகளோ பேரனோ இந்தியில் மொழிபெயர்க்க வேண்டும். ‘சக்கர்’ என்றால் சுழற்சி, ‘பேஹோஷீ’ என்றால் நினைவிழப்பு, ‘கம்ஜோரீ’ என்றால் சோர்வு. நம் ‘மயக்கம்’ இம்மூன்றையும் குறிக்கும். தவறான சொல் தவறான சோதனைக்கு வழிகாட்டும்.

ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன் பெரியவரிடம் பொறுமையாக நான்கு செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். சுழல்கிறதா, கண் இருள்கிறதா, கால் தள்ளாடுகிறதா? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? படுக்கும்போதா, எழும்போதா, நடக்கும்போதா வருகிறது? என்னென்ன மருந்துகள் உண்கிறார்? இந்நான்காவது பட்டியலில் ஊரிலிருந்து வந்த சூரணத்தையும் லேகியத்தையும் ஒளிக்காமல் சேர்த்தல் வேண்டும்.

உண்ணும் முறை

இவ்வளவும் சொன்னபின், இஞ்சியைத் தள்ளிவிட வேண்டுமோ எனின், வேண்டா. பயணக் குமட்டலுக்கும், தலைசுற்றலுடன் சேர்ந்து வரும் வாய்க் குமட்டலுக்கும் அது நல்ல துணை. பெரும்பாலான சோதனைகளில் பயன்பட்ட அளவு ஒரு கிராம் சுக்குப் பொடி. அது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. பச்சை இஞ்சி நாலைந்து பங்கு வற்றியே ஒரு பங்கு சுக்காகிறது என்பதால், பச்சையாக உண்பவர் அதற்கேற்பக் கொள்ளலாம். பயணத்திற்குச் சற்று முன்னரே உண்ணல் நன்று. இஞ்சியைத் தோல் சீவி இடித்துப் பிழிந்து, சாறு தெளியவிட்டு, அடியில் தங்கும் வெண்படிவை நீக்கித் தேன் சேர்ப்பது நம் பழைய முறை. அப்படிவு பெரும்பாலும் மாவுப்பொருளே. ஆதலின் நஞ்சென்று அஞ்ச வேண்டுவதில்லை. தெளிந்த சாறு குடிக்க எளிது என்பதால் முறையைக் கைவிடவும் வேண்டுவதில்லை.

அளவு மிகுந்தால் நெஞ்செரிச்சல் உண்டாகும். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவரும், பித்தப்பைக் கல் உடையவரும் மருத்துவரைக் கேளாமல் மிகுதியாக உண்ணலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் ஆகாது. சர்க்கரை நோயுள்ளவர் இஞ்சி மரப்பாவில் இஞ்சியைவிட வெல்லமும் சர்க்கரையுமே மிகுதி என்பதை மறவாதிருத்தல் நன்று.

நாம் கண்ட முடிவைச் சுருக்கிக் கூறுவோம். குமட்டலைத் தணிப்பதில் இஞ்சிக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. தலைசுற்றல் உணர்வைக் குறைப்பதில் மிகச் சிறிய சான்றே உண்டு. தலைசுற்றலின் காரணத்தைப் போக்குவதில் சான்று இல்லை. எனவே மருத்துவருடன் இஞ்சி சேரலாம், மருத்துவருக்குப் பதிலாக இஞ்சி நிற்கலாகாது. சித்த மருத்துவத்தில் பற்றுடைய அன்பர்கள் முறையாகப் பயின்று பதிவுபெற்ற சித்த மருத்துவரை நாடுவதும் தக்கதே. சென்னைத் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடுவண் அரசினால் நடத்தப்படுவது. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் சித்த, ஆயுர்வேத மருந்துகளின் சோதனைகளும் இடம்பெறுகின்றன. நம் மருந்துகளை நாமே உரைத்துப் பார்க்கும் காலம் பிறந்துவிட்டது.

இவ்வாரம் பெரியவர்களுடன் பேசும்போது, ‘தலைசுற்றல் உண்டா?’ என்று ஒரு சொல் கேளுங்கள். ‘உண்டு, இஞ்சி குடிக்கிறேன்’ என்று விடை வந்தால், ‘நல்லது, குடியுங்கள். இரத்த அழுத்தமும் இரத்தமும் சர்க்கரையும் காதும் என்றைக்குப் பார்த்தீர்கள்?’ என்று அடுத்த வினாவையும் கேளுங்கள். அந்த இரண்டாம் வினாவே அவர்களுக்கு நாம் செய்யும் மருத்துவம்.